மறுமுறை வாங்கும் சுருட்டு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவில் பேசுவோர் இலக்கியத்தைப் பற்றியோ, இசையைப் பற்றியோ, மொழியின் பெருமையைப் பற்றியோ பேசுவதே வழக்கம். நானோ சுருட்டைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். "குழந்தைகளை முன்வரிசையில் அமர்த்திவிட்டுச் சுருட்டைப் பற்றியா பேசுவது?" என்று தாய்மார்கள் சிலர் முகம் சுளிப்பதை இங்கிருந்தே காண்கின்றேன். சற்றுப் பொறுத்தருள வேண்டுகின்றேன். சுருட்டின் புகழைப் பாட நான் வரவில்லை. சுருட்டுப் பிடிப்பவர் ஒரு சுருட்டை நல்லது என்றும், மற்றொன்றை ஆகாதது என்றும் எவ்வாறு மதிப்பிட்டனர், எதை மறுபடியும் வாங்குவது என்று எவ்வாறு முடிவு செய்தனர் என்பதைக் கூறி, அம்மதிப்பீட்டில் அவர்கள் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லி முடிப்பதே என் நோக்கம்.

முதலில் சொல்லைப் பற்றிச் சில சொற்கள். ஆங்கிலேயர் 'செரூட்' என வழங்குவது நம் 'சுருட்டு' என்னும் சொல்லின் திரிபே என்பதை அகராதியாளர் ஒப்புவர். மலையாள நண்பர்களும் அதனைச் 'சுருட்டு' என்றே அழைக்கின்றனர். ஆகவே பாறசாலையில் கேட்டாலும், எல்லைக்கு அப்பால் களியக்காவிளையில் கேட்டாலும், கடைக்காரர் எடுத்து நீட்டும் பொருள் ஒன்றே.

திருச்சிராப்பள்ளியிலிருந்து இங்கு வந்து குடியேறிய அன்பர்கள் இக்கூட்டத்தில் உளர். அவர்கள் ஊரை அடுத்த உறையூர், ஒரு காலத்தில் சுருட்டுக்கு உலகப் புகழ் பெற்றிருந்தது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனத்தாரின் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நவீனத்தில், அத்துப்பறிவாளர் தரையில் சிந்திக் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலையாளி பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டறிகின்றார். கருநிறமும் செதில் செதிலாக உதிரும் தன்மையுமே அவருக்கு அடையாளமாக அமைகின்றன. இலண்டனில் கற்பனையில் தோன்றிய அத்துப்பறிவாளர் செய்த வேலையை, நம் எல்லைப்புறத்து வண்டிக்காரர்கள் நாள்தோறும் உண்மையாகவே செய்துவந்தனர் என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

திருவிதாங்கூருக்கும் புகையிலைக்கும் உள்ள தொடர்பு பழையது. இந்நாட்டார் நுகர்ந்த புகையிலையில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் கடந்து வந்தது. கோயம்புத்தூர்ப் புகையிலை மலை கடந்து வந்தது. அதனை வாங்கி விற்கும் உரிமை நெடுங்காலம் அரசாங்கத்தின் தனியுரிமையாக இருந்தது. திவான் மாதவராவ் காலத்தில், 1863இல், அத்தனியுரிமை நீக்கப்பட்டு இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே ஒரு கோடு விழுந்தது. ஆயினும் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சுருட்டும் அக்கோட்டைக் கடந்து வந்துகொண்டேதான் இருந்தன.

அந்தக் கோட்டின் இப்புறத்தில், பெருவழிச் சாலையின் ஓரத்தில், என் தந்தையார் ஒரு முறுக்கான் கடை வைத்திருந்தார். வெற்றிலை பாக்குக் கடையை இந்நாட்டில் அவ்வாறே அழைப்பர் என்பது நீங்கள் அறிந்ததே. பள்ளி விட்டதும் நான் கடைக்குச் சென்று, மூலையிலிருந்த பலாப்பலகைமேல் அமர்ந்து பாடம் படிப்பேன். படித்ததைக் காட்டிலும் பார்த்ததே அதிகம்.

சுருட்டு வாங்க வருபவர் அதனைச் சோதிக்கும் முறையே ஒரு தனிக்கலை. முதலில் கண்ணால் பார்ப்பர். மேலே சுற்றிய இலை கிழியாமல், பருத்த நரம்பின்றி, ஒரே நிறமாக இருக்கின்றதா? குண்டூசியால் குத்தியதுபோலச் சிறு துளைகள் தென்படுகின்றனவா? துளை இருந்தால் புகையிலை வண்டு உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். அந்தக் கட்டையே தொடமாட்டார்கள். அடுத்துப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நுனி முதல் அடி வரை மெல்ல அழுத்திப் பார்ப்பர். ஓரிடத்தில் கல்போலவும் மற்றோரிடத்தில் பஞ்சுபோலவும் இருந்தால், உள்ளிலையை ஒழுங்காக வைத்துச் சுருட்டவில்லை என்று அறிவர். இறுக்கமான இடத்தில் புகை வராது. தளர்ந்த இடத்தில் நெருப்பு விரைந்து ஓடும். காதருகே வைத்து உருட்டுவாரும் உண்டு. சரசரவென்று ஒலித்தால் மிகவும் காய்ந்துவிட்டது. சிறிதும் ஒலியாவிட்டால் ஈரம் மிகுந்துவிட்டது.

அதன்பின் முகர்வர். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் இந்நாட்டில் எப்பொருளும் பூசணம் பிடிக்கும். புகையிலை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகையால் என் தந்தையார் மழைக்காலத்தில் சுருட்டுக் கட்டுகளைத் தகர டப்பாவில் அடைத்து, வெயில் கண்ட நாளில் சிறிது நேரம் வெளியே எடுத்து வைப்பார். மிகுதியாக உலர்ந்தால் மேலிலை வெடித்துவிடும். அந்த நடுநிலையைக் கையால் தொட்டே அறிந்தாரன்றி, அதற்கென ஒரு கருவி அவரிடம் இருந்ததில்லை.

பற்ற வைக்குமுன் வெறுமனே ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நான்காவது சோதனை. பற்ற வைத்த பின்னர் நெருப்பு ஒரு பக்கமாகச் சாயாமல் சுற்றிலும் ஒரே சீராக இறங்குகின்றதா என்பது ஐந்தாவது. சாம்பல் எத்துணை நேரம் உதிராமல் நிற்கின்றது என்பது ஆறாவது. புகையிலை வளர்ந்த மண்ணும் பாய்ந்த நீரும் எரியும் தன்மையைத் தீர்மானிக்கின்றன. குளோரைடு மிகுந்த உப்புநீர் பாய்ந்த இலை சரியாக எரியாது, அடிக்கடி அணையும். பொட்டாசியம் சத்து உள்ள இலை நன்றாகக் கனலும். இந்த இரசாயனமெல்லாம் நம் வண்டிக்காரருக்குத் தெரியாது. ஆனால், சாம்பலைப் பார்த்து, "இது உப்புத்தண்ணிப் புகையிலை, அண்ணாச்சி, என்னத்துக்கு இதை வாங்கிப்போட்டீர்?" என்று என் தந்தையாரிடம் சொன்னவரை நானே கண்டிருக்கின்றேன்.

இனி, நல்ல சுருட்டு எது என்பதில் எல்லாரும் ஒத்த கருத்தினரோ என்றால், இல்லை. நாள் தவறாமல் கடைக்கு வந்த மூவரை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றேன். ஒருவர் மாட்டு வண்டிக்காரர். இரவெல்லாம் காற்றில் வண்டி ஓட்டுபவர். அணையாத சுருட்டே அவருக்கு நல்ல சுருட்டு. மணமும் சுவையும் அவருக்கு இரண்டாந்தரம். மற்றொருவர் பள்ளி ஆசிரியர். மாலையில் ஒன்றே ஒன்று பிடிப்பார். அதில் இனிய மணம் வேண்டும், தொண்டையை அறுக்கக் கூடாது. மூன்றாமவர் பனையேறி. விடியுமுன் மரம் ஏறி இறங்கிய களைப்பைத் தீர்க்கும் காட்டம் வேண்டும் அவருக்கு. ஆசிரியர் புகழ்ந்த சுருட்டைப் பனையேறி, "இது வைக்கோல்" என்றார். பனையேறி புகழ்ந்ததை ஆசிரியர் ஒரே இழுப்பில் கீழே வைத்துவிட்டார். ஆகவே, 'நல்லது' என்று ஒருவர் சொன்னால், 'யாருக்கு, எந்நேரத்திற்கு நல்லது?' என்று கேட்டறிதல் வேண்டும். இது சுருட்டுக்கு மட்டுமன்று, எப்பொருளுக்கும் பொருந்தும் உண்மையாகும்.

மேல்நாட்டார் இம்மதிப்பீட்டை எண்ணால் செய்கின்றனர். அமெரிக்காவில் 1992இல் தோன்றிய ஒரு சுருட்டுப் பத்திரிகை, சுருட்டைச் சுற்றியுள்ள காகித வளையத்தை அகற்றிவிட்டு, பெயரும் விலையும் தெரியாத நிலையில் சோதிப்போரிடம் கொடுத்து, 100க்கு இத்தனை என மதிப்பெண் வழங்குகின்றது. தோற்றமும் கட்டும், சுவை, எரியும் இயல்பு, ஒட்டுமொத்தமான மனநிறைவு என நான்காகப் பகுத்துப் பார்க்கின்றனர். வளையத்தை அகற்றுவது ஏன்? பெயரைக் கண்ட நாக்கு பெயருக்கேற்பச் சுவை கூறும் என்பதை அவர்கள் அறிவர். பெரிய மனிதர் பிடித்த சுருட்டு என்றால் நமக்கும் அது இனிக்கின்றது. விலை மிகுந்தது என்றால் குறை சொல்ல வாய் வருவதில்லை.

என் தந்தையார் எந்தச் சுருட்டுக்கும் மதிப்பெண் இட்டவரல்லர். அவருக்கு இருந்த அளவுகோல் ஒன்றே. ஒருமுறை வெளியூர் ஏஜெண்டு ஒருவர் புதிய மார்க்குச் சுருட்டைக் கொண்டுவந்தார். கண்ணைப் பறிக்கும் வண்ணச் சீட்டு. வாங்கும் கட்டு ஒவ்வொன்றிற்கும் ஒரு தீப்பெட்டி இனாம். முதல் வாரத்தில் கொணர்ந்தது முழுவதும் விற்றுத் தீர்ந்தது. நான் மகிழ்ச்சியுடன், "அப்பா, இன்னும் இரண்டு பெட்டி எடுக்கலாமே" என்றேன். அவர் சிரித்து, "பொறு, மக்கா. முதல்தரம் வாங்குகிறவன் சீட்டை வாங்குகிறான். இரண்டாம்தரம் வாங்குகிறவன்தான் சுருட்டை வாங்குகிறான்" என்றார். அடுத்த வாரம் அந்த மார்க்கைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. ஏஜெண்டு வந்தபோது என் தந்தையார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மற்றொன்றும் சொல்வார்: "ஒன்றைப் பிடித்துவிட்டு நல்லது, கெட்டது என்று சொல்லாதே. மூன்று பிடித்துப் பார். ஒன்று சாப்பாட்டுக்குப் பின், ஒன்று வெறுவயிற்றில், ஒன்று மழையில்." கைத்தொழிற் பொருளில் ஒன்றுபோல் ஒன்று இராது. இலையும் பருவத்துக்குப் பருவம் மாறும். பிடிப்பவனின் நாக்கும் நேரத்துக்கு நேரம் மாறும். ஆகையால் ஒரே அனுபவத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லுதல் தவறு என்பது அவர் கருத்து.

அன்பர்களே! இதுகாறும் நான் கூறியது ஒரு திறமையின் கதை. இனிக் கூறப்போவது அத்திறமையின் தோல்வி.

வாடிக்கைக்காரர் மனம் நொந்தால் சண்டைக்கு வருவதில்லை, வராமல் இருந்துவிடுவார். இதனை என் தந்தையார் நன்கு அறிவார். பனையேறி பத்துப் பன்னிரண்டு நாள் கடைப்பக்கம் வரவில்லை. சுருட்டில்தான் ஏதோ குறை என்று என் தந்தையார் முடிவு செய்தார். மழைக்காலம் அது. பூசணம் பிடித்த கட்டைத் தெரியாமல் கொடுத்துவிட்டோமோ என்று அவருக்கு உறக்கம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிய கட்டு ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு, வரப்பு வழியே அவர் வீட்டிற்குச் சென்றார்.

பனையேறி திண்ணையில் அமர்ந்திருந்தார். கன்னத்தில் துணி சுற்றியிருந்தது. "சுருட்டு சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே, ஏன் வராமல் இருந்தீர்?" என்று கேட்டார் என் தந்தையார். அவர் மெல்லச் சொன்னார்: "சுருட்டில் ஒரு குற்றமும் இல்லை, அண்ணாச்சி. வாயில்தான் குற்றம். ஒரு வருஷமாக இந்த ஓரத்தில் வெள்ளையாக ஒரு தடிப்பு இருந்தது. வலி இல்லை, நானும் பார்க்கவில்லை. இப்போது புண்ணாகிவிட்டது. காட்டம் தெரியவில்லை, எரிச்சல்தான் தெரிகிறது."

அவர் காட்டிய இடம், அவர் எப்பொழுதும் சுருட்டை வைத்துப் பிடிக்கும் இடமே. திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காலம் கடந்துவிட்டது என்றனர். அடுத்த ஓணத்திற்கு அவர் இல்லை.

திரும்பி வரும்போது என் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. மடியிலிருந்த கட்டைக் கொடுக்கவும் இல்லை. கடையில் திரும்ப வைக்கவும் இல்லை. அன்று மாலை கடை அடைத்தபின் வழக்கமாகப் பிடிக்கும் சுருட்டை அவர் பற்ற வைக்கவில்லை. அதற்குப் பின்னரும் அவர் பிடித்து நான் கண்டதில்லை. ஆனால் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. விற்பதை அவரால் உடனே நிறுத்த முடியவில்லை. நான்கு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தோம். சுருட்டு விற்ற காசும் சேர்ந்தே எங்கள் பள்ளிச் சம்பளமாயிற்று. ஒன்றை மட்டும் செய்தார். மீசை அரும்பாத வாலிபன் எவனாவது முதன்முதலாகச் சுருட்டுக் கேட்டு வந்தால், "தீர்ந்துபோயிற்று, தம்பி" என்று சொல்லிவிடுவார். அலமாரியில் கட்டுகள் தெரிந்துகொண்டிருக்கும். இரண்டாம் விற்பனையே பெரிதென்று வாழ்நாளெல்லாம் சொன்னவர், முதல் விற்பனையை மறுக்கக் கற்றுக்கொண்டார். எனக்கு வேலை கிடைத்த பிறகே கடையிலிருந்து சுருட்டு முழுவதுமாக அகன்றது.

பார்வை, கட்டு, மணம், இழுப்பு, எரிப்பு, சாம்பல் என ஆறு சோதனை அறிந்தவர்கள் அவர்கள். மேல்நாட்டார் 100 மதிப்பெண்ணையும் பகுத்து வைத்திருக்கின்றனர். இவ்விரு கணக்கிலும் உடலுக்கு ஒரு மதிப்பெண்ணேனும் ஒதுக்கப்படவில்லை. வாங்கும் பொருளின் விலையில் பாதியைப் பார்த்து, மறுபாதியைப் பார்க்காது விட்டனர்.

"சுருட்டுப் புகையை நாங்கள் உள்ளே விழுங்குவதில்லை; ஆகவே தீங்கில்லை" என்று சொல்வாரை இன்றும் காண்கின்றோம். சுருட்டுப் புகை காரத்தன்மை வாய்ந்தது. விழுங்காவிடினும் அதிலுள்ள நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் கலந்துவிடும். வாய், தொண்டை, உணவுக்குழல், நுரையீரல் ஆகியவற்றில் சுருட்டு புற்றுநோயை விளைவிக்கும் என்பதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1998இல் விரிவாக வெளியிட்டது.

1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைத்தலைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. 2003ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சிகரெட்டோடு பீடியையும் சுருட்டையும் தன்னுள் அடக்கியது. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு விற்பதைத் தடை செய்தது. என் தந்தையார் ஒரு பொய் சொல்லிச் செய்துவந்த காரியத்தை, இன்று ஒவ்வொரு கடைக்காரரும் சட்டப்படியே செய்ய வேண்டும்.

இவை யாவற்றினும் நம் மாவட்டத்தாருக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. 1981இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்தார், 1996 முதல் இம்மாவட்டத்தின் 13 பகுதிகளில் 1,90,000க்கு மேற்பட்ட மக்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர், சில பகுதிகளில் வீடு வீடாகச் சென்று, 35 வயது கடந்தவர்களின் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தனர், அவ்வளவே. மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டபோது, புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப் புற்றுநோயால் நேரும் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இம்முடிவு 2005இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்து உலகெங்கும் கவனிக்கப்பட்டது. ஒரு சுருட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த கண், ஒரே ஒரு நிமிடம் அந்த வாயையும் பார்த்திருந்தால், நான் சொன்ன பனையேறி இன்னும் சில ஓணம் கண்டிருப்பார்.

ஆதலின், பெருமக்களே, உங்களை நான் வேண்டுவது இரண்டு. உங்கள் வீட்டில் புகையிலை பழகிய பெரியவர் எவரேனும் இருப்பின், வாயில் வெண்ணிறப் படலமோ, செந்நிறப் படலமோ, இரண்டு மூன்று வாரம் ஆறாத புண்ணோ இருக்கின்றதா என்று பாருங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். இருந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இது முதல் வேண்டுகோள். இரண்டாவது, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இளஞ்செல்வங்களுக்கு. மறுமுறை வாங்கலாமா என்று ஆராயும் அறிவு நல்லதே. முதன்முறை வாங்கலாமா என்று ஆராயும் அறிவு அதனினும் நல்லது.

சென்ற ஆண்டு விழாவிற்கு வந்தவர்களே இவ்வாண்டும் பெரும்பாலும் வந்திருக்கின்றீர்கள். என் தந்தையாரின் அளவுகோலால் அளந்தால், நம் சங்கம் நன்றாகவே நடக்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. அடுத்த ஆண்டும் இதே முகங்களை, எவர் ஒருவரும் குறையாமல், நல்ல உடல்நலத்துடன் இங்கே காணவேண்டும் என்று விழைகின்றேன்.